கடைசியாகச் சொன்னவர் சொல்லே செல்லுமா?

“எல்லாமே கான்ஃபிகரபிள் சார். எதை வேணும்னாலும் வெளியிலேர்ந்தே மாத்திக்கலாம்.”

மென்பொருள் விற்க வருகிறவர்கள் வாயிலிருந்து இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. சொல்கிறவர் முகத்தில் பெருமை இருக்கும். கேட்கிற மேலதிகாரி திருப்தியோடு தலையாட்டுவார். இதில் பெருமைப்பட எதுவுமில்லை என்பது என் கட்சி. ஒரு புரோகிராம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை, அதை எழுதாதவரும் சோதித்துப் பார்க்காதவரும் எங்கிருந்தோ, ஒரு கையெழுத்துக்கூடப் போடாமல் மாற்றிவிட முடியும் என்றால் அதற்குப் பெயர் வசதி இல்லை. வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டு, காற்று நன்றாக வருகிறது என்று சொல்வதைப் போன்றது அது.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் என்னைப் போல ஓய்வுபெற்றவர்கள். ஆசிரியர்கள் உண்டு, வங்கிக்காரர்கள் உண்டு, மின்வாரியத்தில் இருந்தவர்கள் உண்டு. “ஜாவா கீவா எல்லாம் எங்களுக்கு எதுக்குய்யா?” என்று கேட்பீர்கள். மாதம் பிறந்ததும் பென்ஷன் ஏறிவிட்டதா என்று பாஸ்புக்கோடு போய் நிற்கிறோமே, அந்தப் பென்ஷன் எங்கோ ஒரு டேட்டாபேஸில், ஒரு டேபிளில், ஒரு வரி. நவம்பரில் கொடுக்கிற உயிர்வாழ் சான்றும் ஒரு வரி. பேத்தி பெயரில் போட்ட டெபாசிட்டும் ஒரு வரி. இந்த மாதிரி வரிகளைத் தொடுகிற புரோகிராம்களில் நிறைய ஜாவாவில் எழுதப்பட்டவை. அவற்றுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே ஓர் ஆசாமி உட்கார்ந்திருக்கிறார். அவர் யார் பேச்சைக் கேட்கிறார் என்பதைப் பற்றித்தான் இன்றைக்கு என் சண்டை.

ஆசாமியை முதலில் அறிமுகம் செய்துவிடுகிறேன். சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திர எழுத்தர் உட்கார்ந்திருப்பார் அல்லவா? “தெக்குப் பக்கம் அரை கிரவுண்டு, தம்பிக்குத் தானமா எழுதணும்” என்று நாம் நம் பாஷையில் சொல்வோம். அலுவலகம் ஏற்றுக்கொள்கிற நடையில் அவர் எழுதிக் கொடுப்பார். ஜாவாவில் எழுதுகிறவர் வாடிக்கையாளர், கடன், ரசீது என்று பொருள் பொருளாக நினைப்பார். டேட்டாபேஸுக்குத் தெரிந்ததெல்லாம் டேபிளும் வரிசையும் எஸ்க்யூஎல் மொழியும்தான். நடுவில் உட்கார்ந்து ஒன்றை மற்றொன்றாக எழுதிக் கொடுக்கிற பத்திர எழுத்தருக்குத்தான் பெர்சிஸ்டென்ஸ் ஃபிரேம்ஒர்க் என்று பெயர். கேவின் கிங் என்பவர் 2001-இல் தொடங்கிய ஹைபர்நேட் இவர்களில் பிரபலம். எக்லிப்ஸ்லிங்க், ஓப்பன்ஜேபிஏ என்று வேறு சிலரும் உண்டு. ஆளுக்கொரு பாணியில் எழுதிக்கொண்டிருந்ததை ஒழுங்குபடுத்தி 2006-இல் ஜேபிஏ என்ற பொது விதிமுறை வந்தது.

நான் கோபாலில் தொடங்கி, எஸ்க்யூஎல்லைக் கையால் எழுதிய தலைமுறை. இந்த எழுத்தர் வந்தபோது நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். ஒரே மாதிரியான வரிகளைப் பக்கம் பக்கமாக எழுதுகிற வேலை ஒழிந்தது. ஆகவே அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவருக்கு உத்தரவு போடுகிற முறைமேல்தான் கோபம்.

அவருக்குச் சில விஷயங்களைச் சொல்லித்தான் ஆகவேண்டும். டேட்டாபேஸ் எந்த மெஷினில் இருக்கிறது, பாஸ்வேர்டு என்ன, ஒரே சமயத்தில் எத்தனை இணைப்புகள் வைத்துக்கொள்ளலாம், ஒரு கேள்விக்குப் பதில் வர எவ்வளவு நேரம் காத்திருக்கலாம், ஒருமுறை படித்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாமா அல்லது ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்து வரவேண்டுமா, டேபிள்களை அவரே உண்டாக்கலாமா கூடாதா. இவைதான் செட்டிங்குகள். முறைப்படி இவற்றைப் பெர்சிஸ்டென்ஸ் டாட் எக்ஸ்எம்எல் என்ற ஒரு ஃபைலில் எழுதி வைப்பார்கள். ஒரே ஃபைல், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். விஷயம் இதோடு நின்றிருந்தால் நானும் பேசாமல் காலைப் பேப்பரைப் படித்துக்கொண்டிருப்பேன்.

நிற்கவில்லை. புரோகிராம் தொடங்குகிறபோது ‘மேப்’ என்று ஒரு பட்டியலைக் கையில் கொடுக்கலாம். அதில் உள்ள செட்டிங் ஃபைலில் உள்ள செட்டிங்கைத் தள்ளிவிடும். இதைத்தான் ஓவர்ரைடு என்கிறார்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, என்டிட்டி மேனேஜர் என்கிற ஒவ்வொரு வேலையாளிடமும் தனியாகச் சிலவற்றை மாற்றிச் சொல்லலாம். அதற்கும் மேலே, ஒவ்வொரு கேள்வியோடும் ‘ஹின்ட்’ என்று ஒரு துண்டுச் சீட்டை ஒட்டி அனுப்பலாம். இத்தனையும் பொது விதிமுறை அனுமதித்தவை. இதன் தலையில் இப்போது ஸ்பிரிங் பூட் உட்கார்ந்திருக்கிறது. 2014-இல் அதன் முதல் பதிப்பு வந்தது. செட்டிங் எங்கெங்கிருந்து வரலாம், எது எதை வெல்லும் என்று அதன் கையேட்டில் ஒரு வரிசை போட்டிருக்கிறார்கள். ஸ்டார்ட் செய்கிற கட்டளையில் எழுதினால் அது ஒன்று, ஜாவாவின் சிஸ்டம் ப்ராப்பர்ட்டி ஒன்று, மெஷினின் என்விரான்மென்ட் வேரியபிள் ஒன்று, புரோகிராமுக்கு வெளியே இருக்கும் ஃபைல் ஒன்று, உள்ளே இருக்கும் ஃபைல் ஒன்று என்று ஒரு டஜனுக்கு மேல் போகிறது. இந்த வரிசையை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கல்யாண வீட்டுச் சமையல்கட்டை நினைத்துப் பாருங்கள். பெண்ணின் அப்பா முதல் நாளே பட்டியல் எழுதிக் கொடுத்திருப்பார். இரவு பத்து மணிக்குப் பெரியப்பா வந்து “பாயசம் வேண்டாம், அக்காரவடிசில் போடுங்க” என்பார். தாய்மாமா வந்து “யார் சொன்னது? ரெண்டும் போடுங்க” என்பார். விடிகாலையில் சம்பந்தி வீட்டார் ஒருவர் வந்து, சர்க்கரை நோயாளிகள் நிறைய, சர்க்கரையைக் குறைக்கச் சொல்வார். கடைசியாகச் சொன்னது யார் என்று பார்த்து அதன்படி சமையல்காரர் செய்வார். பந்தியில் பாயசம் சப்பென்று இருக்கிறது என்றதும் எல்லோரும் பெண்ணின் அப்பாவைப் பார்ப்பார்கள். அவர் கையில் அவர் எழுதிய பட்டியல் இருக்கும். அதில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கல்யாணத்தில் ஒருவேளைச் சாப்பாட்டோடு போயிற்று. எல்லோரும் அங்கேயே நிற்பதால் யார் சொன்னது என்று கண்டுபிடித்தும் விடலாம். மெஷினில் இரவு பதினொன்றரை மணிக்கு யாரைப் போய்க் கேட்பது?

2011-இல் நடந்ததைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். வீட்டுக்கடன் தவணை வசூலிக்கிற ஒரு நிறுவனம். அங்கே டேட்டாபேஸ் பிரிவு என் பொறுப்பு. வசூல் புரோகிராமை வெளியிலிருந்து ஒரு குழு ஹைபர்நேட்டை வைத்து எழுதிக் கொடுத்திருந்தது. தங்கள் வசதிக்காக அவர்கள் ஒரு சின்ன ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். புரோகிராம் இருக்கிற ஃபோல்டரில் ‘லோக்கல் டாட் ப்ராப்பர்ட்டீஸ்’ என்று ஒரு ஃபைல் கிடந்தால், அதில் உள்ளதையெல்லாம் அள்ளி அந்த மேப்பில் போட்டு எழுத்தரிடம் கொடுத்துவிடும். ஃபைல் இல்லையென்றால் சத்தமில்லாமல் போய்விடும். எங்களுக்குத் தந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு தனி மெஷின் வைத்திருந்தோம். ஒவ்வொரு வகுப்புக்கும் டேபிள்கள் காலியாக, புதிதாக வேண்டும் அல்லவா? அதற்காக அந்தக் குழுவில் யாரோ அங்கே அப்படி ஒரு ஃபைலை வைத்திருந்தார்கள். உள்ளே ஒரே வரி. ஹைபர்நேட் டாட் ஹெச்பிஎம்2டிடிஎல் டாட் ஆட்டோ என்ற செட்டிங்குக்கு ‘கிரியேட்’ என்ற மதிப்பு.

இந்தச் செட்டிங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இதற்குப் பல மதிப்புகள் கொடுக்கலாம். ‘வேலிடேட்’ என்றால் டேபிள்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும், கை வைக்காது. ‘அப்டேட்’ என்றால் இல்லாத டேபிளையும் பத்தியையும் சேர்க்கும். ‘கிரியேட்’ என்றால் இருக்கிற டேபிள்களை இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டும். ‘கிரியேட்-டிராப்’ என்றால் அப்படிக் கட்டியதைப் புரோகிராம் மூடும்போது மறுபடியும் இடித்துவிட்டுப் போகும். ‘கிரியேட்’ என்ற சொல்லுக்கு ‘உண்டாக்கு’ என்றுதானே அர்த்தம், அதற்குள் ‘முதலில் அழி’ என்பதும் அடக்கம் என்று எந்த நல்ல மனிதருக்குத் தோன்றும்? காத்திருக்கும் நேரத்தை மாற்றுகிற செட்டிங் எந்த வரிசையில் இருக்கிறதோ, அதே வரிசையில், அதே அளவு எழுத்தில், அதே சுலபத்தில் ஊரையே கொளுத்துகிற இந்தச் செட்டிங்கும் இருக்கிறது. சமையலறையில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் அதே மாதிரி டப்பாவில் எலி மருந்தை வைப்பீர்களா?

ஒரு சனிக்கிழமை இரவு வசூல் புரோகிராமைப் புது சர்வருக்கு மாற்றினார்கள். புதிய பதிப்பு பயிற்சி மெஷினில்தான் தயாராக இருந்தது. அந்தக் குழுவே ஃபோல்டரை அப்படியே எடுத்துவந்து வைத்துவிட்டு, “பதினொன்றரைக்கு ஸ்டார்ட் பண்ணிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனது. டேட்டாபேஸ் முகவரி சர்வரிலேயே இருந்ததால் அது சரியாக நிஜ டேட்டாபேஸைப் போய்த் தொட்டது. இரவு ஷிப்டில் இருந்த ஆபரேட்டர் இருபத்து மூன்று வயதுப் பையன். கையேட்டில் எழுதியிருந்த வரிசைப்படி ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டு ஸ்டார்ட் செய்தான். பிழை எதுவும் வரவில்லை. வருவதற்கு என்ன இருக்கிறது? சொன்னதைச் சொன்னபடி செய்தாயிற்று. பிறகு சரியாக இருக்கிறதா என்று பார்க்க லாகின் செய்தபோது அவன் பெயரையே புரோகிராம் ஏற்கவில்லை. பயனர் டேபிளும் காலி.

“சார், யூசரே இல்லைன்னு சொல்லுது சார்” என்று எனக்குப் போன் வந்தபோது மணி பன்னிரண்டே கால். வெள்ளிக்கிழமை இரவு பேக்கப்பை இறக்கி, அதற்குப் பிறகான லாக்குகளை ஒவ்வொன்றாக ஓட்டி, பதினொன்றரைக்கு முந்தைய நிமிடம் வரை கொண்டுவந்து நிறுத்தினோம். ஞாயிறு மதியம் ஆயிற்று. திங்கட்கிழமை கிளைகள் வழக்கம்போலத் திறந்தன. வாடிக்கையாளர் யாருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை.

நஷ்டம் அந்தப் பையனுக்குத்தான். விசாரணையில் மூன்று பேர் அந்தப் பெர்சிஸ்டென்ஸ் ஃபைலைத் திறந்து பார்த்தார்கள். அதில் தெளிவாக ‘வேலிடேட்’ என்று இருந்தது. ஃபைல் சரி, புரோகிராம் சரி, அப்படியானால் ஆபரேட்டர்தான் ஏதோ செய்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். அந்த ஒற்றை வரி ஃபைல் செவ்வாய்க்கிழமைதான் கண்ணில் பட்டது. அதற்குள் ‘இயக்குபவரின் கவனக்குறைவு’ என்று அறிக்கை மேலே போய்விட்டது. அவனுடைய இன்கிரிமென்டை நிறுத்தினார்கள். நான் மாறுபட்ட கருத்தாக இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அது கோப்பில் சேர்க்கப்பட்டது. சேர்க்கப்பட்டது என்றால் என்ன அர்த்தம் என்று ஆபீசில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

வங்கியில் வேலை பார்த்தவர்கள் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஓவர்ரைடு என்ற சொல் உங்களுக்குப் புதிதில்லை. கவுண்டரில் இருப்பவரின் வரம்புக்கு மேலே ஒரு தொகை வந்தால் ஆபீசர் எழுந்து வந்து தன் பாஸ்வேர்டைப் போடுவார். யார், எப்போது, எந்தக் கணக்கில் என்று மறுநாள் காலை விதிவிலக்குப் பட்டியலில் அது வந்து நிற்கும். மேனேஜர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஆடிட்டர் வந்தால் முதலில் கேட்பது அந்தப் பட்டியலைத்தான். பேரேட்டில் எழுதிய காலத்திலும் தப்பான தொகையைச் சிவப்பு மையால் அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போடவேண்டும். சுரண்டி எழுதினால் மெமோ. ஐயாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்கு இவ்வளவு காபந்து. அத்தனை கணக்குகளும் இருக்கிற டேபிளையே அழிக்கக்கூடிய ஓவர்ரைடுக்கு ஒரு சுருக்கொப்பம் கிடையாது என்றால் இது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு கொடுமை, எழுத்துப்பிழை. ஒரு செட்டிங்கின் பெயரைத் தப்பாக எழுதிவிட்டால் என்ன ஆகும்? ‘இப்படி ஒன்று எனக்குத் தெரியாது’ என்று எழுத்தர் சொல்லவேண்டுமா இல்லையா? சொல்லக்கூடாது என்பது விதி. தெரியாத செட்டிங்கைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட வேண்டும் என்று ஜேபிஏ விதிமுறையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வேறொரு எழுத்தருக்கான குறிப்பாக இருக்கலாம், அதற்காக வேலையை நிறுத்த வேண்டாமே என்ற நல்லெண்ணம்தான் காரணம். விளைவு என்ன? முகவரி தப்பாக எழுதிய கடிதம்கூட ‘பெறுநர் இல்லை’ என்று முத்திரை குத்தி வீட்டுக்குத் திரும்பி வரும். இங்கே திரும்பி வராது. போய்ச் சேர்ந்துவிட்டது என்று நாம் நம்பிக்கொண்டே இருப்போம். ஓப்பன்ஜேபிஏக்காரர்களை இந்த ஒரு விஷயத்தில் பாராட்ட வேண்டும். தன் செட்டிங் பெயரைக் கொஞ்சம் தப்பாக எழுதினால், இது எனக்குத் தெரியவில்லை, ஆனால் இதைப் போல இன்னொரு பெயர் உண்டு என்று லாகில் ஒரு எச்சரிக்கை எழுதும். பக்கத்து வீட்டுப் பெரியவர் மாதிரி.

காத்திருக்கும் நேரம் என்றேன் அல்லவா, அதிலும் ஒரு வேடிக்கை. பொது விதிமுறையின் கொரி டைம்அவுட் மில்லிசெகண்டில். ஹைபர்நேட்டின் சொந்த டைம்அவுட் ஹின்ட் செகண்டில். அடியில் இருக்கிற ஜேடிபிசியும் செகண்டில்தான் கணக்கு வைக்கிறது. அங்கே பூஜ்யம் என்றால் வரம்பே இல்லை என்று பொருள். ‘30’ என்று ஒருவர் எழுதியிருந்தால் அது அரை நிமிடமா, கண் இமைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கா என்பது அவர் எந்தப் பெயருக்கு எதிரே எழுதினார் என்பதைப் பொறுத்தது. போதாக்குறைக்கு, இந்த ஹின்ட்டை நம்பி இருக்காதீர்கள், டேட்டாபேஸைப் பொறுத்துக் கேட்டாலும் கேட்கும் கேட்காமலும் போகும் என்று விதிமுறையே கைவிரித்துவிடுகிறது. ஜாவாவின் இந்தப் பகுதி ஆரக்கிளிடமிருந்து எக்லிப்ஸ் அமைப்புக்குக் கைமாறிய பிறகு 2020-இல் ‘ஜாவாக்ஸ்’ என்று தொடங்கிய பெயர்களெல்லாம் ‘ஜகார்த்தா’ என்று மாறின. செட்டிங் பெயர்களும்தான். பழைய பெயரையும் தாட்சண்யத்துக்காகப் புரிந்துகொள்கிற எழுத்தர்கள் உண்டு. தாட்சண்யத்தை நம்பியா பென்ஷன் டேபிளை ஓட்டுவது?

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். என் தங்கை மகன் பழைய மகாபலிபுரம் சாலையில் இதே வேலையில்தான் இருக்கிறான். அவனோடு இதைப் பற்றி இரண்டு மூன்று தடவை வாக்குவாதம் ஆகியிருக்கிறது. “மாமா, ஒரே புரோகிராம் எங்க டெஸ்ட் மெஷின்லயும் ஓடணும், கஸ்டமர் சோதிக்கிற மெஷின்லயும் ஓடணும், அப்புறம் நிஜ மெஷின்லயும் ஓடணும். முகவரியும் பாஸ்வேர்டும் இடத்துக்கு இடம் மாறும். அதைப் போய் ஃபைல்ல எழுதி எல்லாருக்கும் காட்டச் சொல்றீங்களா?” என்று கேட்டான்.

பாஸ்வேர்டை வெளியே வைப்பதுதான் சரி. அதில் எனக்குச் சண்டையே இல்லை. முகவரி, பாஸ்வேர்டு, இணைப்புகளின் எண்ணிக்கை ஆகியவை இடத்தைப் பொறுத்தவை. வீடு மாறினால் கதவு எண் மாறும், பால்காரர் மாறுவார். டேபிளை உண்டாக்கலாமா, படித்ததை நினைவில் வைக்கலாமா, பூட்டுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பவை புரோகிராமின் குணம். வீடு மாறினால் மனிதர் குணம் மாறலாமா? இவற்றில் ஒன்றை மாற்றினால் நீங்கள் சோதித்துப் பார்த்த புரோகிராம் வேறு, இரவில் ஓடுகிற புரோகிராம் வேறு. மூன்று மாதம் சோதனை செய்து பத்துப் பேர் கையெழுத்துப் போட்டதற்கு என்ன மதிப்பு?

செட்டிங்கெல்லாம் வெளியே இருக்கவேண்டும் என்பதற்கு அவன் ‘ட்வெல்வ் ஃபேக்டர் ஆப்’ என்ற பிரசித்தமான கையேட்டை ஆதாரம் காட்டினான். ஹெரோகு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2011 வாக்கில் வெளியிட்டது. இளைஞர்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். உட்கார்ந்து படித்தேன். இடத்துக்கு இடம் மாறுவதைத்தான் வெளியே வைக்கச் சொல்கிறது. புரோகிராமின் உள் அமைப்புகள் இதில் சேராது என்று அடுத்த சில வரிகளிலேயே விலக்கு எழுதியிருக்கிறார்கள், ஸ்பிரிங்கையே உதாரணம் காட்டி. அந்த வரிகளை மட்டும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

“ராத்திரி ஏதாவது அவசரம்னா?” என்பது அவனுடைய அடுத்த கேள்வி. எஸ்க்யூஎல்லை லாகில் எழுதவைத்துப் பார்க்கவேண்டும், புரோகிராமை மறுபடி கட்டி அனுப்ப நேரமில்லை. நியாயம். செய்யட்டும். ஆனால் செய்தவர் பெயரும் நேரமும் பதியவேண்டும், காலையில் தானாக அது நீங்கவேண்டும். ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி டாக்டர் மருந்தை மாற்றினால் கேஸ் ஷீட்டில் எழுதாமல் போவாரா?

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்றால், புரோகிராம் ஸ்டார்ட் ஆனதும் கடைசியில் எந்தெந்தச் செட்டிங் அமலில் இருக்கிறது, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று லாகின் தலையிலேயே எழுதவேண்டும், பாஸ்வேர்டை மட்டும் மறைத்து. இது முடியாத காரியம் இல்லை. ஸ்பிரிங் பூட்டில் ஆக்சுவேட்டர் என்ற பகுதியே எது எந்த மூலத்திலிருந்து வந்தது என்று காட்டும். ஆனால் கேட்டால்தான் காட்டும். இரவு ஷிப்டுக்காரருக்கு அதைக் கேட்கலாம் என்பதே தெரிவதில்லை. இரண்டாவது, தங்கள் புரோகிராமுக்கு உரிய பெயர்களில் தெரியாத செட்டிங் ஒன்று இருந்தால் ஸ்டார்ட் ஆக மறுக்கவேண்டும். விதிமுறை கண்டுகொள்ளாதே என்று சொல்வது எழுத்தருக்கு. புரோகிராம் எழுதுகிறவர் அதற்கு முன்பே சரிபார்த்துவிடுவதை யாரும் தடுக்கவில்லை.

ஆபத்தான வசதிகள் தாமாகவே மூடியிருக்கவேண்டும் என்பதைச் சிலர் உணர்ந்தும் இருக்கிறார்கள். டேபிள் மாற்றங்களை நிர்வகிக்கிற ஃப்ளைவே என்ற கருவியில் ‘கிளீன்’ என்று ஒரு கட்டளை உண்டு, எல்லாவற்றையும் துடைத்துவிடும். பல வருடங்கள் திறந்தே இருந்த அதை 2022-இல் வந்த ஒன்பதாம் பதிப்பில், நாமாகத் திறந்தால்தான் திறக்கும் என்று மாற்றிவிட்டார்கள். ஹைபர்நேட்டின் கையேடும், டேபிளைத் தானே கட்டுகிற வசதி சோதனைக்கும் மாதிரிக்கும்தான், நிஜ வேலைக்கு எண்ணிட்ட மாற்றக் கோப்புகளை வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறது. கையேட்டில் சொன்னால் போதுமா? எலி மருந்து டப்பாவுக்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கலாமே.

பூட்டு டேட்டாபேஸ் பக்கம் இருக்கிறது. இதைத்தான் அந்த இரண்டு பக்கக் குறிப்பிலும் எழுதினேன். டேபிள்களின் சொந்தக்காரர் கணக்கு ஒன்று, புரோகிராம் நுழைகிற கணக்கு வேறொன்று என்று பிரித்துவிட வேண்டும். இரண்டாவது கணக்குக்குப் படிக்க, சேர்க்க, திருத்த, வரியை நீக்க மட்டும் உரிமை. டேபிளை இடிக்க உரிமை கிடையாது. அதற்குப் பிறகு யார் எங்கிருந்து ‘கிரியேட்’ என்று எழுதினாலும் டேட்டாபேஸ் “உனக்கு அந்த அதிகாரம் இல்லை” என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடும். அந்தச் சனிக்கிழமை இரவு இது இருந்திருந்தால் லாகில் சிவப்பாகப் பத்துப் பதினைந்து பிழைகள் வந்திருக்கும், பையன் போன் செய்திருப்பான், நான் திரும்பிப் படுத்துத் தூங்கியிருப்பேன். ஆனால் வெளியிலிருந்து வாங்கிய புரோகிராம் சொந்தக்காரர் கணக்கில்தான் ஓடும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். ‘அப்டேட்’ வசதிக்கு அது வேண்டுமாம்.

தங்கை மகனும் இதையேதான் சொன்னான். “அப்புறம் புதுசா ஒரு காலம் சேர்க்கணும்னா என்ன மாமா பண்றது?” எண் போட்டு ஒரு மாற்றக் கோப்பு எழுது, சொந்தக்காரர் கணக்கில் நுழைந்து பெயருள்ள ஒரு ஆள் பகலில் ஓட்டட்டும் என்றேன். இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். வருடத்துக்கு எத்தனை முறை புதுப் பத்தி சேர்க்கப்போகிறீர்கள்?

அவர்களுடைய புரோகிராம் எந்தக் கணக்கில் நுழைகிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, திங்கட்கிழமை பார்த்துச் சொல்கிறேன் மாமா என்றிருக்கிறான்.